மரம் நட்ட போட்டோ இருக்கட்டும், கடன் பட்டியல் எங்கே?

வாசகர் கேள்வி, மார்ச் 2

நான் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவு வங்கி ‘சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புக் கொள்கை’ என்று ஒரு கையேடு போட்டிருக்கிறது. முகப்பில் மரக்கன்று. உள்ளே கிளைகளில் சோலார், காகிதச் சிக்கனம், ரத்ததான முகாம், பள்ளிக்கு நன்கொடை. கூட்டுறவு என்றாலே சமூகப் பொறுப்புதானே, அதற்கு எதற்குத் தனியாக ஒரு கொள்கை? மற்ற வங்கிகளைப் பார்த்து இவர்களும் சூடு போட்டுக்கொள்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

மார்ச் 2, இரவு

சூடு போட்டுக்கொள்வது உண்டு. அது பெரிய விஷயமில்லை. எனக்கு இடிப்பது ‘கூட்டுறவு என்றாலே’ என்று நீங்கள் ஆரம்பிக்கும் இடம்தான்.

ஒரு கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். பெயர் வேண்டாம். அந்தக் கையேட்டில் ‘கடன்’ என்ற பேச்சு எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள். நன்கொடை, முகாம், மரக்கன்று எல்லாம் லாபம் வந்தபிறகு அதிலிருந்து கிள்ளிக் கொடுப்பது. லாபம் எந்த வழியில் வந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால் அது கொள்கை அறிக்கை இல்லை, ஆல்பம்.

மார்ச் 3

‘அப்போ சோலார் போடுவது தப்பா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தப்பே இல்லை, கரண்ட் பில் குறையும். ஆனால் வங்கி என்பது நாலு மேஜை, ஒரு பெட்டக அறை, ஏசி, கம்ப்யூட்டர். அது தன் கட்டடத்தில் விடும் புகை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? நிறுவனங்களிடம் சுற்றுச்சூழல் தகவல் கேட்டு வாங்கி வெளியிடும் சிடிபி என்ற அமைப்பு 2021-ல் ஒரு கணக்கு சொன்னது. நிதி நிறுவனங்கள் நேரடியாக வெளியிடும் கார்பனைவிட, அவை கொடுத்த கடன் மூலமும் முதலீடு மூலமும் வெளியாவது சராசரியாக 700 மடங்குக்கு மேல். விவரம் கொடுத்த நிறுவனங்களை வைத்து மட்டும் போட்ட கணக்கு அது.

இதை அளப்பதற்கு முறை இருக்கிறது. 2015-ல் நெதர்லாந்தின் நிதி நிறுவனங்கள் சில சேர்ந்து பிகாஃப் என்ற ஏற்பாட்டைத் தொடங்கின, இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கணக்கு ரொம்ப எளிது. ஒரு கம்பெனியின் சொந்த மூலதனமும் கடனும் சேர்ந்து நூறு, அதில் உங்கள் வங்கிக் கடன் இருபது என்றால், அந்தக் கம்பெனி விடும் புகையில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் வங்கியின் பெயரில் எழுதப்படும். கம்பெனி எவ்வளவு புகை விடுகிறது என்று கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். சின்னக் கடன்காரரிடம் இதைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அதனால் பெரும்பாலும் தொழில்வாரி சராசரியை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை.

மார்ச் 3, சற்றுப் பின்

காகிதச் சிக்கனக் கொள்கையை வழவழப்பான ஆர்ட் பேப்பரில், நாலு வண்ணத்தில் அச்சடித்திருக்கிறார்களாமே. கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். பொதுச் சொத்தாக இங்கே வைத்துவிடுகிறேன்.

மார்ச் 5

பழைய கதைக்குப் போகாமல் இது விளங்காது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை திறந்தவர்கள் சமூகப் பொறுப்பு அறிக்கை எதுவும் எழுதவில்லை. கலப்படமில்லாத மாவை, சரியான எடையில் விற்றார்கள். அந்தக் காலத்து மாவில் சுண்ணாம்பும் படிகாரமும் கலப்பது சர்வ சாதாரணம். அவர்களுடைய பொறுப்பு முழுக்க விற்ற பொருளுக்குள்ளேயே இருந்தது.

வங்கிப் பக்கம் ஜெர்மனியில் ரைஃபைசன். 1846-47 பஞ்சக் குளிரில் ஒரு சின்ன ஊரின் மேயராக இருந்தவர். முதலில் மாவும் ரொட்டியும் கொடுக்க வழி செய்தார். தர்மத்தால் கட்டுப்படியாகாது, அதில் நிற்கவும் முடியாது என்று பட்டபிறகுதான் கடன் சங்கத்துக்கு வந்தார். 1864-ல் ஹெடஸ்டார்ஃபில் தொடங்கிய கடன் சங்கம் அந்த வரிசையில் வந்தது. அந்தச் சங்கங்களில் எனக்குப் பிடித்த விஷயம் ரெண்டு. உறுப்பினர் எல்லோருக்கும் வரம்பில்லாப் பொறுப்பு, அதாவது சங்கம் கவிழ்ந்தால் என் நிலமும் போகும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எதற்குக் கடன் வாங்குகிறார் என்று நான் கேட்டே ஆகவேண்டும். இரண்டாவது, லாபம் பிரிக்க முடியாத பொதுநிதிக்குப் போகும். கலைத்துப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

‘கடன் எதற்கு?’ என்ற கேள்வி கூட்டுறவின் பிறவிக் குணம். வளர வளர அது ‘ஈடு என்ன?’ என்று சுருங்கிப்போனது. இப்போதைய கொள்கை அறிக்கைகள் அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தால் நல்லது. மரக்கன்றைத்தான் கொண்டுவருகின்றன.

மார்ச் 6

‘எந்த வங்கியாவது உண்மையில் கடனை மறுத்திருக்கிறதா, சும்மா சொல்லாதீர்கள்’ என்று ஒருவர் சவால் விட்டிருக்கிறார். நியாயமான சவால்.

இங்கிலாந்தில் கோஆப்பரேட்டிவ் பேங்க். ராச்டேல் கடைகளின் வழியில் வந்த மொத்த விற்பனைச் சங்கம் 1872-ல் கடன், டெபாசிட் பிரிவு ஒன்றை ஆரம்பித்தது. அது வளர்ந்துதான் இந்த வங்கி. 1992-ல் தன் வாடிக்கையாளர்களிடம் ‘உங்கள் பணத்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது?’ என்று கேட்டு, வந்த பதில்களை வைத்து நெறிமுறைக் கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். அடக்குமுறை அரசுகளுக்கு ஆயுதம் விற்பவர்களுக்கு இல்லை. புகையிலை உற்பத்திக்கு இல்லை. விலங்குத் தோல்ரோம வியாபாரத்துக்கு இல்லை. 1990-களின் பிற்பகுதியில் நிலக்கரி, எண்ணெய் எடுப்பவர்களும் பட்டியலில் சேர்ந்தார்கள். பிற்பாடும் வாடிக்கையாளர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொள்கையைத் திருத்தினார்கள்.

கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வியின் வடிவம். ‘எதற்கு நன்கொடை தரலாம்?’ என்று கேட்டால் எல்லோரும் நல்லவர்கள்தான். யாருக்கு இல்லை என்று கேட்டால்தான் வியாபாரம் போகும், ஆகவே அதற்குத்தான் மதிப்பு.

கனடாவின் டெஜார்டின் இன்னொன்று. கடன் சங்கங்களின் பெரிய கூட்டமைப்பு, 1900-ல் தொடங்கியது. 2017-ல் எண்ணெய்க் குழாய்த் திட்டங்களுக்குப் புதுக்கடன் கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள். பெரிய வங்கியால் முடியாது என்ற சாக்கு இதோடு சரி.

மார்ச் 8

நேற்று ஒரு நண்பர் போனில், ‘ஊர் வங்கிகளைப் பற்றிப் பேசுகிறாயே, உன் மேஜையில் என்ன நடந்தது, அதைச் சொல்’ என்றார். சரி.

எங்கள் கடன் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. ‘சுற்றுச்சூழல் பாதிப்பு: உண்டு / இல்லை’. எதிரே கட்டம். ஒருநாள் வரிசையாகப் பத்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது, எல்லாவற்றிலும் ‘இல்லை’ கட்டத்தில் டிக் ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் கொஞ்சம் கோட்டுக்கு வெளியே நீண்டிருந்தது. யாரோ என்றைக்கோ நிரப்பிய படிவத்தை வைத்துத்தான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கும் சேர்ந்தே அச்சாகி வந்திருக்கிறது. விண்ணப்பதாரர் பேனாவைத் திறக்கும் முன்பே சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று முடிவாகிவிட்டது!

அந்தப் பத்தில் ஒன்று ஒரு சாயத் தொழிற்சாலை. இன்னும் சில இயந்திரங்கள் வாங்கக் கடன். உரிமையாளர் அப்பா காலத்திலிருந்து உறுப்பினர், ஒரு தவணை தவறியதில்லை. நேரில் பார்வையிடப் போனேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கச்சிதமாகப் பெயின்ட் அடித்து, பெயர்ப்பலகை மாட்டி இருந்தது. காற்று ஊதும் தொட்டியின் அடியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நான் ஒன்றும் இன்ஜினியர் இல்லை, அதைப் பற்றி வாதாடவும் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்கென்று தனி மின் மீட்டர் இருந்ததால் அதன் பில்களை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். மாதாமாதம் ரீடிங் நகரவே இல்லை. ஆலையின் மெயின் மீட்டர் மட்டும் ஓடு ஓடென்று ஓடியிருந்தது.

கடன் அதிகாரிக்குச் சுற்றுச்சூழல் அறிவு வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து கரண்ட் பில் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மார்ச் 8, தொடர்ச்சி

அவசரத்தில் முக்கியமான பாதியை விட்டுவிட்டுப் போய்விட்டேன். அந்த ஆலைக்குக் கீழ்ப்புறம் நிலம் வைத்திருந்த ஒருவரும் எங்கள் உறுப்பினர்தான். கிணறு ஆழப்படுத்தக் கடன் வாங்கியிருந்தார். தண்ணீர் நிறம் மாறி, பயிர் போய், தவணை நின்றுவிட்டது. வசூல் நோட்டீஸ் அனுப்பும் ஃபைலும் அதே வாரம் என் மேஜைக்கு வந்தது. ஆலைக்காரர் ஃபைலில் ‘சிறந்த உறுப்பினர்’ என்று குறிப்பு, இவர் ஃபைலில் ‘தவணை தவறியவர்’ என்று சிவப்பு முத்திரை. ரெண்டும் ஒரே பீரோவில், ஒரே தட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வங்கியின் எந்த விதியும் சொல்லவில்லை.

நிர்வாகக் குழுவில் நான் அதைத்தான் சொன்னேன். ஒரு உறுப்பினரின் லாபம் இன்னொரு உறுப்பினரின் வாராக் கடனாக நம் புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, வட்டிக் கணக்கில் பார்த்தாலும் நமக்கு நஷ்டம்தான் என்றேன். தர்மம் பேசியிருந்தால் டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். வாராக் கடன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் தவணைப் பணம் சுத்திகரிப்பு நிலையத்தைச் சரிசெய்ய மட்டும், மீட்டர் மூன்று மாதம் ஓடுவதைப் பார்த்தபிறகு மிச்சம் என்று நிபந்தனை போட்டார்கள்.

ஆலைக்காரர் கோபித்துக்கொண்டு டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறொரு வங்கி கடனைக் கொடுத்துவிட்டது. எங்கள் கிளையின் வருஷ இலக்கில் ஓட்டை விழுந்தது, என் பெயரும் அடிபட்டது. டிக் மட்டும் படிவத்திலிருந்து நீங்கியது, ஒயிட்னர் போட்டுப் புது ஜெராக்ஸ்.

மார்ச் 9

‘பார்த்தீர்களா, மறுத்தால் இன்னொரு இடத்தில் வாங்கிக்கொள்வான், ஆறு அப்படியேதான் ஓடும்’ என்று எழுதியிருக்கிறார்கள். அன்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னதும் இதேதான். பாதி உண்மை. ஒரு வங்கி மறுத்தால் ஆறு சுத்தமாகாது. ஆனால் எங்கள் வேலை அந்த ஆற்றைச் சுத்தம் செய்வதா? கிணற்றுக்காரரின் டெபாசிட் பணத்தை எடுத்து அவர் கிணற்றையே கெடுக்கும் தொழிலுக்குக் கொடுக்காமல் இருப்பது எங்கள் வேலை. முதலாவதை அரசு செய்யவேண்டும். இரண்டாவதை வங்கி தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் இப்போது யோசிக்கிறேன். நிபந்தனையை இன்னும் இணக்கமாகப் போட்டிருக்கலாமோ? சுத்திகரிப்புக்கான தொகைக்கு மட்டும் வட்டியைக் குறைத்து, தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்திருந்தால் மனிதர் இருந்திருப்பாரோ என்னவோ. வெளியே போனவர் மேல் நமக்கு ஒரு பிடியும் இல்லை. கடன் நிலுவையில் இருக்கும்வரைதான் வங்கி கேட்டால் கதவு திறக்கும்.

மார்ச் 9, இரவு

கிணற்றுக்காரர் என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தவணைக் காலத்தை நீட்டினோம், அபராத வட்டியைத் தள்ளினோம். அசலைத் தள்ள எங்களுக்கு அதிகாரம் இல்லை. கையேடு எதிலும் இந்த மாதிரி விஷயம் வருவதில்லை. ‘சமூகப் பொறுப்பு’ என்ற தலைப்பில் ரத்ததானம் வரும், வசூல் எப்படிச் செய்கிறோம் என்பது வராது. நோட்டீஸை வீட்டுச் சுவரில் ஒட்டுவதா, ஆளை முதலில் கூப்பிட்டுப் பேசுவதா, ஜாமீன் போட்டவரை எந்தக் கட்டத்தில் இழுப்பது, இதெல்லாம்தான் ஒரு வங்கிக்கும் உறுப்பினருக்கும் நடுவில் உள்ள சமூகம். கிளையை மூடுவதும் அதில் சேரும். மொபைல் ஆப் இருக்கிறதே என்பார்கள். கையெழுத்துப் போடவே கை நடுங்கும் பெரியவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 11

‘உறுப்பினர்களே முதலாளி என்றால் நல்லதுதான் நடக்கும்’ என்ற நம்பிக்கை இங்கே பலருக்கும் இருக்கிறது. நெதர்லாந்தின் ராபோபேங்கைப் பாருங்கள். ரைஃபைசன் வழிவந்த விவசாயக் கடன் சங்கங்கள் இரண்டு பிரிவாக இருந்து 1972-ல் ஒன்றானவை. அந்த நாட்டு விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதில் அதுதான் முதலிடம். மாட்டுப் பண்ணைகள் பெருகப் பெருகக் கடனும் பெருகியது. மாட்டுச் சாணமும் மூத்திரமும் விடும் அமோனியா காற்றில் ஏறி, காட்டிலும் மேய்ச்சல் வெளியிலும் நைட்ரஜனாகப் படிந்தது. 2019-ல் அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசின் நைட்ரஜன் திட்டம் செல்லாது என்று சொல்ல, பண்ணைகளைக் குறைக்க வேண்டிய நிலை. விவசாயிகள் டிராக்டரோடு நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். இத்தனை மாடு வாங்கக் கடன் கொடுத்து வளர்த்துவிட்டது யார், செலவில் பங்கு கொடுக்கட்டும் என்று வங்கியின் பக்கமும் விரல் நீண்டது.

இதில் வில்லன் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். வங்கி தன் உறுப்பினர் கேட்டதைத்தான் செய்தது. கூட்டுறவின் இலக்கணப்படி அதுதான் சரி. சாயத் தொழிற்சாலைக்காரரும் உறுப்பினர்தான், மறந்துவிடாதீர்கள். தனியார் வங்கியில் பங்குதாரரின் லாப ஆசை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துவிடலாம். கூட்டுறவில் கெடுப்பவரும் நம் ஆள், கெட்டவரும் நம் ஆள். அதனால்தான் இங்கே மறுப்பது அதைவிடக் கஷ்டம். ஓட்டு கேட்டு வந்த நிர்வாகக் குழுவுக்கு இன்னும் கஷ்டம்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், உறுப்பினரே இல்லாதவர். கீழ்ப்புறக் கிணறு உறுப்பினருடையது இல்லையென்றால் என் ஃபைல் வாதம் நிர்வாகக் குழுவில் எடுபட்டிருக்குமா? சந்தேகம்தான்.

மார்ச் 12

அதே ராபோபேங்க் 2013-ல் லைபார் (பெரிய வங்கிகள் தங்களுக்குள் கடன் வாங்கும் வட்டி) விகித மோசடி வழக்கில் சுமார் 77 கோடி யூரோ அபராதம் கட்டியது என்று ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். ஆமாம், தலைமை நிர்வாகியும் விலகினார். விவசாயிகளின் வங்கி பெருநகரங்களில் டீலிங் அறை வைத்தால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பாலும் மாடும் ஒன்றுதான்.

மார்ச் 14

‘கடன் பட்டியலைக் கேட்கச் சொல்கிறீர்களே, வாடிக்கையாளர் ரகசியம் என்று கதவைச் சாத்திவிடுவார்களே?’

சாத்துவார்கள். தனிநபர் கடனுக்கு அது சரியும்கூட. என் நகைக்கடன் விவரம் ஊருக்கு எதற்கு? ஆனால் நிறுவனக் கடன் வேறு. இத்தாலியில் பாங்கா எதிகா என்று ஒரு கூட்டுறவு வங்கி, 1999-ல் தொடங்கியது. நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் கொடுக்கும் கடன்களை இணையத்திலேயே வெளியிடுகிறது. ஜெர்மனியின் போகும் நகரில் 1974-ல் தொடங்கிய ஜிஎல்எஸ் வங்கியும் நிறுவனக் கடன்களைத் தன் பத்திரிகையில் அச்சடித்து உறுப்பினர்களுக்கு அனுப்பும் பழக்கம் வைத்திருந்தது. கடன் வாங்கும்போதே ‘பெயர் வெளியாகும், சம்மதமா?’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. சம்மதம் இல்லாதவர் வேறு கடை பார்க்கட்டும்.

பாங்கா எதிகாவில் எனக்கு இன்னும் பிடித்தது அதன் சமூக மதிப்பீட்டாளர்கள். பயிற்சி பெற்ற உறுப்பினர்கள், தன்னார்வலர்கள். கடன் கேட்கும் நிறுவனத்துக்கு ஒரு கேள்வித்தாளோடு நேரில் போய், வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறார்கள், கழிவு எங்கே போகிறது, முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். திருப்பிக் கட்டுவாரா என்று வங்கி அதிகாரி பார்ப்பது தனி. ரெண்டும் சேர்ந்துதான் முடிவு. ரைஃபைசன் காலத்துப் பக்கத்து வீட்டுக்காரரை அவர்கள் இப்படித் திரும்ப வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் எங்கள் வங்கியில் இருந்திருந்தால் அந்தக் காய்ந்த தொட்டியைப் பார்க்க நான் தற்செயலாக டிக்கைக் கவனித்திருக்க வேண்டியதில்லை.

மார்ச் 15

தன்னார்வலரை அனுப்பினால் அவருக்கும் ஆலைக்காரருக்கும் மாமன் மச்சான் உறவு இருந்தால் என்ன செய்வது என்கிறார் ஒருவர். அனுபவஸ்தர் போலிருக்கிறது. அறிக்கையில் அவர் பெயரையும் போடவேண்டும், ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு அனுப்பக் கூடாது. இதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

மார்ச் 19

6-ஆம் தேதி எழுதிய இங்கிலாந்து வங்கிக் கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரம் ஆகிவிடும்.

அந்த வங்கி 2009-ல் பிரிட்டானியா என்ற வீட்டுக்கடன் சங்கத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதோடு வந்த வணிகக் கட்டடக் கடன்கள் அழுகிப்போயிருந்தன. 2013 ஜூனில் மூலதனத்தில் 150 கோடி பவுண்டு பள்ளம் என்று வெளியே வந்தது. பள்ளத்தை அடைக்க வந்தவர்கள், வங்கியின் கடன் பத்திரங்களை வைத்திருந்த ஹெட்ஜ் ஃபண்டுகள், அதாவது பணக்காரர்கள் பணத்தைத் திரட்டி அதிக லாபம் தேடும் முதலீட்டு நிதிகள். பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கைக்குப் போனது. அதுவரை வங்கியின் உடைமையாளராக இருந்த கூட்டுறவுக் குழுமம் 2017-க்குள் முழுதாக வெளியேறிவிட்டது. வங்கி விழுந்ததை விசாரித்து 2014-ல் வெளியான கெல்லி அறிக்கை நிர்வாகத்தையும் மேற்பார்வையையும் கிழித்துத் தொங்கவிட்டது.

ஆக, ஆயுத வியாபாரிக்குக் கடன் இல்லை என்று 21 வருஷம் நிமிர்ந்து நின்ற வங்கி, கட்டடக் கடனைச் சரிபார்க்காமல் விழுந்தது. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் இருந்த தெளிவு, கொடுத்தது திரும்ப வருமா என்பதில் இல்லை. நெறிமுறை பேசுபவர்களுக்கு வங்கித் தொழில் தெரியாது என்று கிண்டல் செய்பவர்களுக்கு இது அல்வா. ஆனால் அதே 2008-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த மாதிரி நெறிமுறைக் கொள்கை இல்லாத வங்கிகளும் கவிழ்ந்தன. கொள்கை இந்த வங்கியைக் கவிழ்க்கவில்லை, காப்பாற்றவும் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், ஹெட்ஜ் ஃபண்டுகள் வந்தபிறகும் நெறிமுறைக் கொள்கை போகவில்லை. வாடிக்கையாளர்கள் கூட்டம் சேர்த்துச் சத்தம் போட்டார்கள், அது வங்கியின் அமைப்புவிதிகளிலேயே எழுதப்பட்டது. கூட்டுறவு முதலாளி போய், கூட்டுறவுக் கொள்கை மிச்சம். பெயர்ப்பலகையும் மாறவில்லை. 2025 ஜனவரியில் உறுப்பினர் உடைமையான கவென்ட்ரி பில்டிங் சொசைட்டி அந்த வங்கியை வாங்கிக்கொண்டது.

இன்னொரு நுணுக்கம். தொடக்கத்திலிருந்தே அந்த வங்கியின் வாடிக்கையாளர் வங்கிக்கு உறுப்பினர் இல்லை. உடைமையாளர் மேலே இருந்த குழுமம்தான். ஓட்டு இல்லாத வாடிக்கையாளர்கள் கொள்கையைக் காப்பாற்றிய கதை இது. ஓட்டு இருக்கும் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டால் அடுத்த குறிப்புக்குப் போகவேண்டும்.

மார்ச் 22

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ல் மான்செஸ்டரில் கூடிக் கூட்டுறவுக் கோட்பாடுகளைத் திருத்தியபோது ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தது, சமூகத்தின் மீதான அக்கறை. கூட்டுறவுகள் தம் சமூகத்தின் நிலைத்த வளர்ச்சிக்குப் பாடுபட வேண்டும் என்பது சாரம். எல்லா வங்கிக் கையேட்டிலும் அது வரை மேற்கோள் காட்டுவார்கள். வாக்கியம் அதோடு முடியவில்லை. உறுப்பினர்கள் ஒப்புதல் தந்த கொள்கைகளின் வழியாக என்றும் சொல்கிறது. அந்த வாலை வெட்டிவிட்டால் ஏழாவது கோட்பாடு எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

கேள்வி கேட்டவரே, உங்கள் கொள்கை எந்தப் பேரவைக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்றது? தீர்மான எண் இருக்கிறதா?

நான் பார்த்த பேரவைக் கூட்டங்களின் லட்சணமும் தெரியும். ஆண்டறிக்கை கையில் வந்து சேர்வதற்குள் ‘அனைவரும் ஏற்றுக்கொண்டதாக’ மைக்கில் வந்துவிடும். ஈவுத்தொகை எத்தனை சதவீதம் என்பதற்கு மட்டும் பின்வரிசையிலிருந்து குரல் எழும். பொறுப்பு என்பது அந்தச் சதவீதத்தில் அரைப் புள்ளி குறையச் சம்மதமா என்ற கேள்வி. அதை யாரும் மேடையில் கேட்டதில்லை, கீழே இருந்தும் கேட்டதில்லை. நானும் பணியில் இருந்தவரை கேட்டதில்லை. ஊழியருக்கு அந்த மைக் கிடையாது.

மார்ச் 27

எதிர்க்கட்சி வாதம் ஒன்றும் வந்திருக்கிறது. ‘கடன் கிடைக்காத ஏழைக்குக் கடன் கொடுப்பதே கூட்டுறவின் பொறுப்பு, சுற்றுச்சூழல் நிபந்தனை போட்டால் முதலில் அடிபடுவது சின்னவன்தான்.’ இதைத் தள்ளிவிட முடியாது. டீசல் பம்ப் வாங்க வருபவரிடம் கார்பன் கணக்கு கேட்டால் அவர் கந்துவட்டிக்காரரிடம் போவார், அவன் ஒன்றும் கேட்கமாட்டான். நிபந்தனையைக் கடன் தொகையோடு சேர்த்து ஏற்றவேண்டும். ஒரு வரம்புக்குக் கீழே படிவத்தில் அந்தக் கட்டமே வேண்டாம். மேலே போகப்போக மீட்டர் பில், அனுமதிக் கடிதம், நேரடி பார்வை எல்லாம் வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. சின்னவரிடம் பதினெட்டுக் கையெழுத்து, பெரியவருக்கு மேனேஜர் கார் வரை வந்து வழியனுப்புவார்.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவர் கிளையில் விசாரித்துவிட்டு எழுதியிருக்கிறார். கொள்கைக்குப் பேரவைத் தீர்மானம் எதுவும் இல்லையாம், நிர்வாகக் குழுவே போட்டதாம். கடன் விவரம் கேட்டதற்கு ‘ஆண்டறிக்கையில் இருக்கிறது’ என்றார்களாம். ஆண்டறிக்கையில் ‘இதர கடன்கள்’ என்று ஒரு வரிதான் பெரிய தொகையாக இருக்கிறதாம்.

அந்த ‘இதர’வைப் பிடியுங்கள். எங்கள் வங்கியிலும் சங்கடமானதெல்லாம் அதற்குள்தான் குடியிருந்தது. பேரவையில் எழுந்து ‘வங்கி பசுமையாக இருக்கிறதா?’ என்று கேட்டால் கைதட்டி உட்காரவைத்துவிடுவார்கள். ‘இதர கடன்களைத் தொழில்வாரியாகப் பிரித்து அடுத்த அறிக்கையில் போட வேண்டும், போன வருஷம் சுற்றுச்சூழல் காரணத்துக்காக மறுத்த விண்ணப்பம் எத்தனை, நிபந்தனையோடு கொடுத்தது எத்தனை என்று எண்ணிக்கையும் போட வேண்டும்’ என்று எழுத்தில், தீர்மானமாக, கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் முன்பு கொடுக்கவேண்டும் என்பது உங்கள் வங்கியின் துணைவிதிகளில் இருக்கும். உறுப்பினர் என்று சொல்லி நகல் கேளுங்கள்.

பெறுதல் முத்திரை வாங்காமல் கவுன்டரில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.